பாட்டில்களைத் தரைப்பலகைக்கு அடியில் அடைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு படகு எங்காவது கவிழ்ந்தால் நாளிதழ்களில் இரண்டு அறிவுரைகள் தவறாமல் வருகின்றன. அளவுக்கு மேல் ஆள் ஏற்றாதீர்கள், லைஃப் ஜாக்கெட் போடுங்கள். இரண்டும் கட்டாயம் வேண்டியவை. ஆனால் தண்ணீர் நிறைந்த பிறகு அந்தப் படகு என்ன ஆகும் என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. நானும் என் தம்பியும் அதை அனுபவித்தவர்கள் என்பதால் எழுதுகிறேன்.

என்னுடையது 12 அடி பைபர் படகு. தண்ணீர் நிறைந்தாலும் மரப்படகைப் பெரும்பாலும் மரமே தாங்கிக்கொள்ளும். பைபர் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். எஞ்சினும் நங்கூரமும் சேர்ந்தால் நேரே அடிக்குத்தான் போகும். இது தெரிந்துதான் காலி கூல்டிரிங்ஸ் பாட்டில்களைச் சேர்த்து, மிதவையாகத் தரைப்பலகைக்கு அடியில் அடைத்தேன். இடம் அங்கேதான் சும்மா கிடந்தது.

ஒருநாள் கரைக்கு அருகிலேயே பக்கவாட்டில் அலை அடித்துப் படகு நிறைந்துவிட்டது. மூழ்கவில்லை, புரண்டது. அடியில் இருந்த காற்று மேலே வரத் துடிக்கும். படகைக் குப்புறத் தள்ளிவிட்டுத்தான் அது மேலே வந்தது. வழவழப்பான அடிப்பாகத்தில் கை வைத்துப் பிடிக்க ஒன்றுமில்லை. தம்பிக்கு இரண்டு விரல் நகங்கள் பெயர்ந்துவிட்டன. லைஃப் ஜாக்கெட்டும், கரை பக்கத்தில் இருந்ததும்தான் எங்களைக் காப்பாற்றின. பாட்டில் இருந்தது, ஆனால் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது.

அதன் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு லிட்டர் காற்று தண்ணீருக்குள் அமிழ்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். என் படகு 90 கிலோ. பைபர் என்பதால் தண்ணீருக்குள் அதன் எடை மூன்றில் ஒரு பங்கு, 30 கிலோதான். எஞ்சின் 25 கிலோ, பெரும்பகுதி உலோகம் என்பதால் உள்ளே 20 என்று வைத்தேன். நங்கூரமும் சங்கிலியும் 5. பற்றிக்கொண்டு மிதக்கும் இரண்டு பேருக்குத் தலைக்கு 15. மொத்தம் 85. கொஞ்சம் கூட்டி 100 லிட்டர் என்று முடிவு செய்தேன். அதாவது 2 லிட்டர் பாட்டில் 50.

எங்கே வைப்பது என்பதில்தான் உயிரே இருக்கிறது. பக்கச்சுவர்களின் உள்பக்கமாக, விளிம்புக்குச் சற்றுக் கீழே, எவ்வளவு உயரத்தில் முடியுமோ அவ்வளவு உயரத்தில். ஒரு பக்கத்துக்கு 9 பாட்டில்கள் நீளவாக்கில், இரண்டு வரிசை. மீதி 14ஐ எஞ்சின் கனம் விழும் பின்மூலைகளில் பக்கத்துக்கு ஏழாகப் பிரித்தேன். மிதவை இரண்டு ஓரத்திலும் உயரத்தில் இருந்தால், படகு சாயும்போது தாழ்ந்த பக்கம் தானாக மேலே தள்ளப்படும்.

கட்டுவதிலும் ஒரு தவறு நடக்கிறது. பாட்டில்கள் கீழே விழாதபடி கட்டுகிறோம். தண்ணீருக்குள் அவை மேலேதான் இழுக்கும். 18 பாட்டில்கள் அடங்கிய ஒரு பை ஏறக்குறைய 36 கிலோ பாரத்துக்குச் சமமான விசையோடு மேலே இழுக்கும். பழைய வலையில் போட்டு, மேலே கிளம்பவிடாமல் அகலமான நைலான் நாடாவால் குறுக்கே இறுக்கிக் கட்டுங்கள். கட்டு அறுந்தால் மிதவை ஒரு பக்கம் போகும், படகு அடிக்குப் போகும்.

தண்ணீர் பாட்டிலைவிட சோடா, கோலா வந்த பாட்டில் உறுதியானது. அழுத்தம் தாங்கவே செய்யப்பட்டது. மூடியை விடியற்காலைக் குளிர்ச்சியில் இறுக்குங்கள். வெயிலில் மூடினால் தண்ணீர் பட்டதும் உள்காற்று சுருங்கிப் பாட்டில் ஒடுங்கும். வெயில் படாமல் துணியால் மூடி வையுங்கள், அவ்வப்போது ஒவ்வொன்றையும் அமுக்கிப் பாருங்கள்.

தெர்மாகோல் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். பெட்ரோல் பட்டால் அது கரைந்துவிடும். எஞ்சின் உள்ள படகில் பெட்ரோல் சிந்தாமல் இருக்குமா? காற்றுப்பெட்டி அடைத்துக் கட்டினால் ஒரே விரிசலில் முழுவதும் போய்விடும். ஐம்பது பாட்டிலில் இரண்டு ஒழுகினால் நஷ்டம் நான்கு கிலோதான்.

இவ்வளவு செய்துவிட்டு, சோதிக்காமல் தயவுசெய்து ஆழத்துக்குப் போகாதீர்கள். நாங்கள் எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் 25 கிலோ இரும்பைக் கட்டினோம். இடுப்பளவுத் தண்ணீரில், லைஃப் ஜாக்கெட்டோடு நின்று, படகை வேண்டுமென்றே சாய்த்து நிரப்பினோம். இந்த முறை புரளவில்லை. விளிம்பு நான்கு விரற்கடை மேலே நின்றது. வெளியே நின்றபடியே வாளியால் இறைத்தோம்; இறைக்க இறைக்கப் படகு எழும்பி வந்தது. பின்பக்கம் மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருந்ததால் மூலைக்கு இரண்டு பாட்டில் கூடுதலாகக் கட்டினேன்.

படகுப் பாதுகாப்பு பற்றி அடுத்த முறை எழுதும்போது, மிதவை வைக்கும் இடத்தைப் பற்றி நான்கு வரியாவது சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கூடவே ஒரு சிறு படமும் போட்டால் என்னைப் போல அடியில் அடைத்து வைத்திருப்பவர்களுக்குப் பார்த்ததும் விளங்கும்.

இப்படிக்கு,
சிறு படகு வைத்திருக்கும் வாசகன்