செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

தலைவருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், படித்தால் சரி.

செயற்குழு ஆறு முறை கூடியது. மே தினத்தன்று இனிப்பு வழங்கினோம். கண் பரிசோதனை முகாம் நடந்தது.

விரிவாகச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். 29 தொழிலாளர் சட்டங்களை நான்காகச் சுருக்கிய சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்தன. ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி கேட்க வேண்டிய வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆகிவிட்டது, எந்தத் தொழிலிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். இதை விளக்க எல்லாக் கட்சித் தொழிற்சங்கத்தாரையும் ஒரே மேடையில் உட்கார வைக்கலாம் என்று யோசனை சொன்னது நான், சொன்ன பாவத்துக்கு மூன்று மாதம் அலைந்ததும் நான்தான். நோட்டீஸில் பெயர் இரண்டாவதாக இருக்கிறது என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். "அவங்க வந்தா நாங்க வரலை" என்றார் இன்னொருவர். அகர வரிசையில் போடுகிறேன் என்றேன், யார் முதலில் வருகிறார் என்று பார்த்துவிட்டு அதற்கும் மறுத்தார்கள். கூட்டத்தன்று மேடையில் மூன்று நாற்காலி காலி. கீழே நம் உறுப்பினர்கள் 19 பேர்.

காலி நாற்காலி புதிதல்ல. இந்தத் தொகுப்புகளில் மூன்று 2020 செப்டம்பரில் மாநிலங்களவையில் நிறைவேறியபோது எதிர்க்கட்சிகள் வேறொரு தகராறில் அவையைப் புறக்கணித்து வெளியே நின்றன. 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தில் பத்து மத்தியத் தொழிற்சங்கங்கள் சேர்ந்தன, ஆர்.எஸ்.எஸ். சார்புள்ள பாரதிய மஸ்தூர் சங்கம் சேரவில்லை. ஆனால் 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலை மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியதும் திமுகவின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன, மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தில் வாபஸ். கட்சி பார்க்காமல் எதிர்த்தால் பலன் உண்டு என்ற இதைத்தான் அந்த மேடையில் பேச வைக்க நினைத்தேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வந்ததும் போனதும் ஏறக்குறைய சரி. மேடை வாடகை என் கையிலிருந்து போனது, அதை இங்கே சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அப்புறம் சந்தா. நம் சங்கம் அந்தக் கட்சிப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று நான்கு பேர், இந்தக் கட்சிப் பக்கம் என்று மூன்று பேர், ஏழு பேரும் ஒற்றுமையாகச் சந்தா கட்டவில்லை.

மண்டபம் தந்தவர்களுக்கும் மைக் செட்காரருக்கும் தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் அதே கூட்டத்தை நடத்த எனக்கு ஆசை. நடத்துவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். கூட்டம் முடிந்ததும் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில்தான் நிற்பேன்.