அரை ஆழாக்கு

அம்மாபேட்டை,
சேலம்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. உன் பேத்திக்குக் காது குத்திய செய்தி படித்து எங்கள் ரெண்டு பேருக்கும் சந்தோஷம். இங்கே ஆனி பிறந்தும் வெயில் தணியவில்லை. மல்கோவா முடிந்துவிட்டது, கடைவீதியில் இப்போது நீலம்தான் குவிந்து கிடக்கிறது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

உன் வீட்டம்மாவுக்குச் சர்க்கரை வந்தும் வாயைக் கட்டமாட்டேன் என்கிறார், என் வீட்டுக்காரியான உன் தங்கச்சியை மட்டும் நான் எப்படி வழிக்குக் கொண்டுவந்தேன் என்று கேட்டிருக்கிறாய். வழிக்குக் கொண்டுவந்தேன் என்று வேறு யாரிடமும் சொல்லிவிடாதே. அவள் காதில் விழுந்தால் எனக்குச் சோறு கிடைக்காது.

போன வருஷம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அவளுக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.2 சதவீதம், ஹீமோகுளோபின் 10. டாக்டர் விளக்கினார். 5.7இலிருந்து 6.4 வரை சர்க்கரை நோயின் வாசல்படி, 6.5 ஆனால் உள்ளே போய்விட்டோம். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே சோகை. சர்க்கரை ஏறுகிற அளவுக்குச் சாப்பிடுகிற உடம்பில் ரத்தம் எப்படிக் குறையும் என்று எனக்கு ஆச்சரியம். அவள் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது விடை கிடைத்துவிட்டது.

காலையில் டீ. பதினோரு மணிக்கு இன்னொரு டீ. எனக்குப் பரிமாறிவிட்டு அவள் தட்டெடுக்கும்போது மணி இரண்டரை. அதற்குள் பொரியல் சட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், கீரை தீர்ந்திருக்கும். குண்டானில் மிஞ்சிய சோறு முழுவதும் ரசம், ஊறுகாயோடு உள்ளே போகும். கை காயுமுன் மறுபடி டீ. சாப்பாட்டை ஒட்டிக் குடிக்கிற டீ, உணவில் இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாது. இதில் நாக்கு ருசி எங்கே இருக்கிறது சொல்லு? சமைக்கிறவள் மிஞ்சியதைக் கொட்ட மனசு வராமல் சாப்பிடுகிறாள். அப்படிப்பட்டவளிடம் ‘சோற்றைக் குறை’ என்றால், ‘அப்ப இதை யார் தலையில கொட்டறது?’ என்றுதான் கேட்பாள். கேட்டாள். அவள் கேள்வி நியாயமானது.

அதனால் நான் பேச்சை விட்டுவிட்டு ஆழாக்கைப் பிடித்தேன். மதியத்துக்கு ஒன்றரை ஆழாக்கு அரிசி போடுவது வழக்கம். அரிசி களைகிற வேலையை நான் வாங்கிக்கொண்டு ஒரு ஆழாக்காக்கினேன். மிஞ்சினால்தானே வீணாகும்? இரண்டாவது நாளே கண்டுபிடித்துவிட்டாள். ‘கஞ்சப்பிரபு’ என்று பட்டம் கிடைத்தது. பரவாயில்லை.

சோற்றைக் குறைத்தால் அந்த இடத்தைக் காய் நிரப்ப வேண்டும். ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியைப் படித்தேன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய் என்கிறது, அதில் உருளைக்கிழங்கு சேராது. எங்கள் வீட்டில் ரெண்டு பேருக்கும் சேர்த்தே கால் கிலோதான் வெட்டிக்கொண்டிருந்தோம். உன் தங்கச்சி காய் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை, அவ்வளவையும் யார் உட்கார்ந்து நறுக்குவது என்பதுதான் அவள் சிக்கல். இப்போது விடிந்ததும் உழவர் சந்தைக்குப் போய் அவரை, பீர்க்கை, சுரைக்காய், முருங்கைக்கீரை வாங்கி வந்து நானே நறுக்கிவிடுகிறேன். என் அவரைக்காய் மாட்டுக்கு வெட்டின மாதிரி இருக்கிறதாம். இருக்கட்டும்.

மூன்றாவது மாற்றத்துக்குத்தான் ரொம்ப மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஒரு மணிக்கு ரெண்டு பேரும் ஒன்றாக உட்காருவது. அவள் தட்டில் முதலில் பொரியலும் கூட்டும் வைத்துவிடுவேன், அதைத் தின்றபிறகுதான் சோறு. காயை முதலில் தின்றால் சர்க்கரை சடாரென்று ஏறாது. கீரையில் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தோம். ‘நோய் எனக்கு, பாடம் படிக்கிறது நீங்களா’ என்று கேலி செய்தாலும் டீயைத் தள்ளித்தான் குடிக்கிறாள்.

சிறுதானியம் பற்றியும் கேட்டிருந்தாய். சாமைச் சோறு எங்கள் வீட்டிலும் உண்டு, நல்லதுதான். ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். சாமை என்று பெயர் சொல்லி ரெண்டு மடங்கு சாப்பிட்டால் அரிசியே தேவலை. நம்ம ஊர் ஜவ்வரிசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவு, வேறென்ன? காலை உப்புமாவுக்கு இனி அது கிடையாது, பாயசத்துக்கு மட்டும் எப்போதாவது.

இவ்வளவு சொல்கிறேனே, நம்ம ஊர் தட்டுவடை செட், ரெண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த் துருவல் வைத்துத் தருவார்களே, அதற்கு மட்டும் நான் தடை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் நடந்துபோய் ஆளுக்கு ஒரு பிளேட். பீட்ரூட், கேரட் துருவலை இன்னும் கொஞ்சம் வை என்று கடைக்காரரிடம் அவளே கேட்கிறாள். மாம்பழமும் அப்படித்தான். சேலத்தில் பிறந்தவளிடம் மாம்பழம் சாப்பிடாதே என்று சொல்கிற தைரியம் எனக்கில்லை. சோற்றோடு வேண்டாம், ஜூஸ் வேண்டாம், நாலு மணிக்கு ரெண்டு கீற்று என்று பேசி முடித்தோம். சில நாள் மூன்றாகும். நான் எண்ணுவதில்லை.

சமீபத்தில் பார்த்ததில் சர்க்கரை 5.9, ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டிவிட்டது. டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரைக்கும் அதில் பங்கு உண்டு.

உன் வீட்டு ஃபிரிட்ஜில் ‘சாப்பிடக் கூடாதவை’ என்று ஒட்டி வைத்திருக்கிறாயாமே, முதலில் அதைக் கிழித்துப் போடு. முப்பது வருஷமாக ஒரு வீட்டுக்கே சமைத்துப் போட்டவருக்கு அதைப் பார்த்தால் எரிச்சல் வராதா? உன் கையில் கத்தி பிடிக்கத் தெரியும்தானே, அங்கிருந்து ஆரம்பி. சர்க்கரைக்கு அவர் மாத்திரை போடுகிறவர், அதனால் சோற்றைத் திடீரென்று பாதியாக்கிவிடாதே. சர்க்கரை தாழ்ந்துபோனாலும் ஆபத்து. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு குறை.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு ரெண்டு பேரும் வருவதாக எழுதியிருக்கிறாய். கட்டாயம் வாருங்கள், மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. வரும்போது ஸ்வீட் பெட்டி மட்டும் வேண்டாம். அண்ணன் ஆசையாக வாங்கி வந்தது வீணாகக் கூடாது என்று உன் தங்கச்சி ஒரே வாரத்தில் காலி செய்துவிடுவாள்.

அன்புடன்,
செல்வராஜ்