நீ இரவு வேலைக்குப் போனதால் இல்லை

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மழை நன்றாகப் பெய்து இரணைமடுக் குளம் நிரம்பிவிட்டது, வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். காலபோக நெல் குடலைப் பருவத்தில் நிற்கிறது. மோர்மிளகாயும் ஒடியல் மாவும் கட்டி வைத்திருக்கிறேன், சின்னம்மாவின் மகன் திரும்பும்போது கொடுத்துவிடுகிறேன்.

சரி, நான் எழுத வந்தது இது இல்லை.

அன்றைக்குக் கதைக்கும்போது, "வயித்தில இருக்கேக்க நான் இரவு வேலைக்குப் போனதாலயோ அம்மா?" என்று கேட்டாய். நான் வாய் திறப்பதற்குள் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு காலையில் ஒரு பூப்படம், இரவில் ஒரு "நலம்". கமெராவும் போடுவதில்லை. உன் மகன் தம்பிக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் காதைச் சோதித்தாயா? கதைக்கப் பிந்துகிற பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது காதுதான்.

உன் கேள்விக்கு உயிரியல் படிப்பித்தவளாகவே பதில் எழுதுகிறேன். முளையத்தில் மூளைக்கென்று ஒதுங்கிய தட்டு மடிந்து, குழாயாகி, கருக்கட்டி 28 நாளளவில் மூடிவிடும். பிள்ளை தங்கியிருப்பது பல பெண்களுக்கு அப்போதுதான் தெரியவரும். தோலாகப் போகிற கலமும் நரம்பாகப் போகிற கலமும் எப்படிப் பிரிகின்றன? ஒவ்வொரு கலத்தின் மேற்பரப்பிலும் கட்ஹெரின் என்ற ஒட்டுப் புரதம் இருக்கிறது. ஜப்பானில் டக்கெய்ச்சி என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது. கல்சியம் இருந்தால்தான் அது பிடிக்கும். தோல் பக்கம் ஒரு வகை, நரம்புப் பக்கம் வேறு வகை. ஓரினம் ஓரினத்தோடு ஒட்டுவதால்தான் குழாய் தோலிலிருந்து கழன்று வருகிறது.

பிறகு, மூளையின் உட்பக்கத்தில் பிறக்கிற நரம்புக்கலங்கள், சீவல்காரர் பனையில் ஏறுவதுபோல நீண்ட நார்களைப் பற்றி மேலே ஏறுகின்றன. பிந்திப் பிறந்தவை முந்திப் போனவற்றைத் தாண்டி அதற்கும் மேலே போய் இருக்கும். எங்கே நிற்பது என்று அறிவதற்கு ரீலின் என்ற புரதம் வேண்டும். அது இல்லாத எலிகளில் அந்த அடுக்குக் குழம்பிவிடும், அவை தள்ளாடித்தான் நடக்கும். நரம்பு நீளும்போது நெட்ரின் என்ற புரதம் வா என்று இழுக்கும், ஸ்லிட் என்ற புரதம் போ என்று தள்ளும். இதில் எதைத் தாய் கையால் செய்கிறாள்? போலிக் அமிலம் வேண்டும், நீ தவறாமல் போட்டாய். மதுவும் சில வலிப்பு மருந்துகளும் கெடுதல் செய்யும், அவற்றை நீ தொடவேயில்லை. பிறகு எதற்கு உன்னையே குத்திக்கொள்கிறாய்?

தருமபுரத்தில் மரத்தடி வகுப்பு நடந்த நாட்களில் ரீட்டா லெவி மொன்டால்சினியைப் பற்றிச் சொன்னேனே. யூதர் என்பதால் வேலை பறிபோய், இத்தாலியில் குண்டு விழுகிற காலத்தில் படுக்கையறையிலேயே கோழி முட்டைகளை வைத்து நரம்பை ஆராய்ந்தவர். 1986இல் நோபல் பரிசு. வேண்டியதைவிட அதிக நரம்புக்கலங்கள் உண்டாகிப் பெருமளவு செத்துப்போகின்றன என்று சொன்னபோது, "அவையைச் சாகச் சொல்லுறது ஆர்?" என்று கேட்டவள் நீ. போய்ச் சேருகிற இடத்திலிருந்து வாழவைக்கிற புரதம் கிடைக்காததால்தான் சாகின்றன என்றேன். வேறொருவரும் அப்படிக் கேட்கவில்லை. அப்படிக் கேட்ட பிள்ளை இன்றைக்கு மாமியார் வீட்டார் சொல்வதையெல்லாம் நம்பிக்கொண்டு இருக்கிறது. எனக்கு அதுதான் கோபம்.

இன்னொன்று. இரண்டு நரம்புக்கலங்கள் சந்திக்கிற இடத்தில் ஒரு பக்கம் நியூரெக்சின் என்ற புரதம், மறு பக்கம் நியூரோலிஜின் என்ற புரதம். இடைவெளிக்குக் குறுக்கே அவை பிடித்துக்கொள்வதால்தான் இணைப்புச் சரியாக அமைகிறது. 2003இல் சுவீடனில் இரண்டு குடும்பங்களில், ஓட்டிசம் உள்ள சகோதரர்களிடம் நியூரோலிஜின் பரம்பரையலகில் மாற்றம் இருப்பதைக் கண்டார்கள். அப்படிப்பட்ட குடும்பங்கள் மிக அரிது. இன்று இதில் பங்குள்ள பரம்பரையலகுகள் நூற்றுக்கும் மேல் தெரியும், பல பிள்ளைகளில் காரணம் ஒன்றென்று சொல்ல முடியாது. ஒரு காலத்தில் தாயின் பாசம் குறைந்ததால் வருவதென்று பெரிய வைத்தியர்களே சொன்னார்கள். 1977இல் பிரித்தானியாவில் இரட்டையர்களை ஆராய்ந்து, பரம்பரையின் பங்கு பெரிது என்று காட்டினார்கள். எத்தனை தாய்மார் வீணாக அழுதிருப்பார்கள்!

அந்தச் சொல்லை எழுதிவிட்டேன். தம்பிக்கு அது என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் அங்குள்ள வைத்தியர். ஆனால் நீ தேடிப் படிப்பாய், அந்த நியூரோலிஜின் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது, ஆண்பிள்ளைக்கு அது தாயிடமிருந்துதான் வரும் என்று கண்டு அழுவாய். அதனால் முதலே சொல்கிறேன்: அப்படி எதுவும் வந்திருந்தால் உனக்கு நான் தந்ததாக இருக்கலாம், எனக்கு அம்மம்மா தந்ததாக இருக்கலாம். அதற்காக அம்மம்மாவைக் குற்றம் சொல்வாயா?

என் தம்பியை நினைத்துப் பார். ஐந்து வயது வரை ஒரு சொல் இல்லை. ஆட்களின் முகத்தைப் பார்க்க மாட்டான். ஆனால் முரசுமோட்டையில் எந்த வயலில் வோட்டர் பம்ப் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். போர்க்காலத்தில் மாத்தளன் வரைக்கும் உன் புத்தகப் பையைச் சுமந்தவன். மாமா இருந்திருந்தால் தம்பியோடு முதலில் சேர்ந்திருப்பவன் அவன்தான்.

பிறந்த பிறகும் நரம்பிணைப்புகள் உண்டாகிக்கொண்டும் கழிந்துகொண்டும் இருக்கும். அதனால் காத்திருக்காதே. முதலில் காது. பிறகு பேச்சுப் பயிற்சி தருபவரிடம் கூட்டிக்கொண்டு போ, வைத்தியர் இன்னதென்று பெயர் சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்காதே. வீட்டில் இனி இங்கிலிஷ் மட்டும் என்று மருமகன் சொன்னாராம். இரண்டு மொழி கேட்டுப் பேச்சு நின்ற பிள்ளை இல்லை என்று அவருக்குச் சொல். நீ தமிழில் கதை. பதில் வராவிட்டாலும் கதை.

ஞாயிற்றுக்கிழமை கமெராவைப் போடு. அம்மம்மாவுக்கு வணக்கம் சொல்லு என்று அவனை நெருக்காதே, பார் என்றும் சொல்லாதே. அவன் தன்பாட்டில் விளையாடட்டும், நான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். காதுப் பரிசோதனைக்குத் திகதி கிடைத்ததும் அறிவி.

அன்புடன்,
அம்மா