கம்பம் யாருடையது, ஆணையர் அவர்களே?

மதிப்பிற்குரிய மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்மார்ட் சிட்டி நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநர் பொறுப்பும் தங்களிடமே இருப்பதால் அவருக்கென்று தனி நகல் எடுக்கவில்லை. வலது கையில் வாங்கி இடது கைக்கு மாற்றிக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயம் ஒரு தெருவிளக்கு. எங்கள் பேருந்து நிறுத்தத்தில் நட்டிருக்கும் ஸ்மார்ட் கம்பத்தின் விளக்கு தீபாவளிக்கு முந்தின வாரம் அணைந்தது. பொங்கலும் போய்விட்டது. நான்கு முறை செயலியில் புகார் செய்தேன். நான்கு முறையும் "தங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. நான்காவது செய்தி வந்தபோது அதே கம்பத்தடியில்தான் நின்றுகொண்டிருந்தேன். செல்போன் வெளிச்சத்தில்தான் படிக்க முடிந்தது.

கம்பத்தில் மற்றதெல்லாம் நன்றாகவே வேலை செய்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கேமரா இருக்கிறது. வைஃபை பெட்டியில் பச்சைப் புள்ளி மினுக்குகிறது. நடுவில் ஆளுயர விளம்பரத் திரை. அது ஒரு நாள்கூட அணைந்ததில்லை.

என் மனைவிக்கு ஜவுளிக்கடையில் வேலை. ஒன்பதரைக்குக் கடை அடைத்து, கணக்கு ஒப்படைத்து, கடைசி டவுன் பஸ் பிடித்து இங்கே வந்து இறங்கப் பத்தேகால் ஆகிவிடும். நிறுத்தத்துக்கும் எங்கள் சந்துக்கும் நடுவே சாக்கடை மூடிய சிலாப் ஒன்று பாதி உடைந்து கிடக்கிறது. இந்தக் கம்பத்துக்குக் கேபிள் பதிக்கத் தோண்டியபோது உடைந்ததுதான். அவளோடு இறங்கும் பெண்கள் நாலைந்து பேர் இதற்கொரு வித்தை கண்டுபிடித்திருக்கிறார்கள். திரையில் அரக்குப் பட்டுப்புடவை விளம்பரம் ஓடினால் யாரும் நகர மாட்டார்கள், கீழே ஒன்றும் தெரியாது. அடுத்து வருவது பால் விளம்பரம். வெள்ளை வெளேரென்று இருக்கும். அந்தச் சில நொடிக்குள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிலாப்பைத் தாண்டிவிடுவார்கள். "பால் வந்திருச்சு, வாங்கக்கா" என்று அவர்கள் கூப்பிட்டுக்கொள்வதை என் காதாலேயே கேட்டேன். டிசம்பரில் ஒரு மழை ராத்திரி, பால் வருவதற்குள் காலை வைத்துவிட்ட ஓர் அம்மாவுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. வீட்டு வேலை செய்து பிழைப்பவர். இன்னும் வேலைக்குப் போகவில்லை.

மண்டல அலுவலகத்துக்குப் போனேன். "கம்பம் ஸ்மார்ட் சிட்டியோடது சார்" என்றார்கள். அங்கே போனால், "திட்டம் முடிஞ்சு ஒப்படைச்சாச்சு, பராமரிப்பு ஒப்பந்ததாரர்கிட்ட." ஒப்பந்ததாரரின் ஆள், "சப்ளையே வரலைங்க, கரண்ட் ஆபீஸ்ல கேளுங்க." கரண்ட் ஆபீஸில், "மீட்டர் வரைக்கும்தான் நாங்க." யாரும் முகம் சுளிக்கவில்லை, ஒருவர் டீகூட வாங்கிக் கொடுத்தார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். "இவ்வலுவலகம் சார்ந்ததல்ல" என்று ஒற்றை வரி வந்தது. தங்களுடையது இல்லையென்றால் உரிய அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் 6(3) பிரிவு. அதை நான் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே என் கோரிக்கை: அந்தக் கம்பம் யார் பொறுப்பு என்று எழுத்தில் சொல்லுங்கள். விளக்கை எரிய விடுங்கள்.

2015 ஜூன் 25-ல் இந்த ஸ்மார்ட் சிட்டித் திட்டம் தொடங்கியபோது நானும் மகிழ்ந்தவன்தான். நாட்டில் 100 நகரங்கள், தமிழகத்தில் 11. நகரத்துக்கு 500 கோடி மத்திய அரசு, அதே அளவு மாநில அரசு என்றார்கள். நகரத்தைத் திரையில் கண்காணிக்க அமைத்த கட்டுப்பாட்டு மையங்கள் கொரோனா காலத்தில் உதவியதையும் மறுக்கவில்லை. ஆனால் 2025 மார்ச் 31-ஓடு திட்டக் காலம் முடிந்துவிட்டது. நட்ட கம்பங்களுக்கு அது தெரியுமா? நம் மையத்தில் சுவர் முழுக்கத் திரை இருக்கிறதாம். அங்கே எங்கள் தெரு பச்சையாகத் தெரிவதாக விளக்குப் பணியாளர் ஒருவர் சொன்னார். ஒரு பெட்டியில் பல விளக்குகள் இணைந்திருக்கின்றன. பெட்டிக்கு மின்சாரம் வந்தால் பச்சை. அதில் ஒரு பல்பு செத்தால் திரைக்குத் தெரியாது. ஆள் வந்து அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும்.

முன்பு அப்படிப் பார்க்க ஒருவர் இருந்தார். சாயங்காலம் சைக்கிளில் வருவார், சுவிட்சைத் தட்டுவார், எரியாததைக் குறித்துக்கொள்வார். "அண்ணே, முக்கு லைட்டு" என்றால் மறுநாள் ஏணியோடு நிற்பார். அவருக்குக் கடவுச்சொல் கிடையாது.

சென்னையில் 2025 செப்டம்பரிலிருந்து பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் ஒரே டிக்கெட் எடுக்கலாம். தனித்தனி நிர்வாகங்கள், ஆனாலும் சேர்ந்துகொண்டன. இங்கே நிறுத்தத்துப் பலகை "3 நிமிடத்தில் வரும்" என்று இருபது நிமிடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும். அது போகட்டும், பஸ் எப்படியும் வந்துவிடும். கம்பத்தில் மின்சாரம், கேமரா, இணையம், விளம்பரம் எல்லாம் இணைந்துவிட்டன. ஒரே வளாகத்தில் மாடிப்படி ஏறி இறங்கும் தூரத்தில் இருக்கும் தங்கள் இரண்டு அலுவலகங்கள்தான் இன்னும் இணையவில்லை. விளம்பரத் திரை அணைந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். திரும்பவும் பணிவோடு கேட்கிறேன். அந்தக் கம்பத்துக்குப் பொறுப்பான அலுவலர் யார் என்று, பதவிப் பெயரோடு, கம்பத்திலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். உடைந்த சிலாப்பை மாற்றச் சொல்லுங்கள். புகார் கொடுத்தவர் "சரியாயிற்று" என்று சொல்லாமல் புகாரை முடிக்கக் கூடாது என்று ஓர் உத்தரவு போடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் விளக்கு எரிய வேண்டும்.

இப்படிக்கு,
கடைசி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஒரு வரிசெலுத்துபவன்

பி.கு.: செயலியில் கம்ப எண் கட்டாயம் கேட்கிறது. ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்துக் கடைசி இரண்டு எண்தான் தெரிகிறது, 47. தங்கள் ஆள் இரவில் வந்தால் பட்டுப்புடவை தெரியும் கம்பம் என்று சொல்லி அனுப்புங்கள். பால் வரும்வரை இறங்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.