ஹோம்பரி மலை ஹாஷ் ஓட்டம்: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களே,

இங்கிலாந்தின் சரே மாவட்டம், ஹோம்பரி செயின்ட் மேரி ஊர்ப் பப்பிலிருந்து நவம்பர் ஞாயிறு காலை 11 மணிக்குக் கிளம்பிய நம் ஹாஷ் ஓட்டம் நல்லபடியாக நிறைவேறியது. வழியெங்கும் கைப்பிடி கைப்பிடியாக மாவு வைத்துப் போட்ட தடத்தைத் தேடிக்கொண்டே கூட்டமாக ஓடுவதுதான் ஹாஷ் ஓட்டம். எட்டு கிலோமீட்டர் ஓடியவர்களும் குறுக்குவழியில் ஐந்து கிலோமீட்டர் நடந்தவர்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பப் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஹாஷ் ஓட்டம் நன்றாக அமைந்ததற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. அப்படி அமைவதற்குப் பின்னால் நிறையப் பேரின் உழைப்பு இருக்கிறது. அவர்களுக்காகவே இந்த மடல்.

முதல் நன்றி, தடம் போட்ட இருவருக்கு; தடம் போடுகிறவர்களை முயல்கள் என்போம். 1:25,000 அளவுள்ள ஆர்டனன்ஸ் சர்வே வரைபடத்தில் பச்சைக் கோடிட்ட பொதுவழிகளை வைத்தே பாதை வகுத்து, முந்தைய வாரமே அந்தப் பாதை முழுவதையும் நடந்து பார்த்தார்கள். சேறு எங்கே கணுக்காலைத் தாண்டுகிறது, எந்த வேலிப்படி ஆடுகிறது, எங்கே மரம் விழுந்து வழியை அடைத்திருக்கிறது என்பதெல்லாம் வரைபடத்தில் தெரியாது.

மாவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம், அடுத்து தடம் போடுகிறவர்களுக்கு உதவும். ஒரு கைப்பிடி என்பது சுமார் 25 கிராம். நாற்பது மீட்டருக்கு ஒரு கைப்பிடி என்றால் எட்டு கிலோமீட்டருக்கு 200 கைப்பிடி, அதாவது 5 கிலோ. ஏமாற்றுவதற்காகப் போடும் பொய்த்தடங்களுக்கும், வழி தேட வேண்டிய இடத்தைக் காட்டும் வட்டங்களுக்கும் இன்னொரு ஒன்றரை கிலோ. ஒன்றரை கிலோ மாவுப் பை ஐந்து வாங்கினால் தாராளமாகப் போதும். வெறும் மாவு மழையில் கூழாகிக் கரைந்துவிடும் என்பதால் முயல்கள் பாதிக்குப் பாதி மரத்தூள் கலந்தார்கள். ரசாயனம் ஏற்றாத மரத்தின் தூளாகப் பார்த்து வாங்கியது சரியான முடிவு; அந்தப் பாதையில் குதிரைகளும் நாய்களும் போகின்றன. சுண்ணாம்பை மட்டும் யாரும் நினைக்கவே வேண்டாம், நாய்களின் பாதத்தையும் கண்ணையும் அது புண்ணாக்கும்.

ஹோம்பரி மலை கிரீன்சாண்ட் மணற்பாறையால் ஆனது. அதன் பழுப்பு மண்ணில் மாவு பளிச்சென்று தெரியும். வடக்கே நார்த் டவுன்ஸ் குன்றுகளின் வெள்ளைச் சுண்ணப் பாதையில் இதே மாவு கண்ணுக்கே படாது, அங்கே வண்ணப்பொடி சேர்க்க வேண்டும். இங்கே தொல்லை கொடுப்பவை இரண்டு: நவம்பர் உதிர்சருகும், பிர்ச் மரத்தின் வெள்ளைப் பட்டையும். முயல்கள் ஒவ்வோர் இடத்திலும் சருகைக் காலால் ஒதுக்கிவிட்டு மாவு வைத்தார்கள். பிர்ச் மரங்களைத் தவிர்த்து, பைன் மரங்களின் அடியில், மழைச்சாரல் படாத பக்கமாகப் பார்த்து வைத்தார்கள். முதல் நாள் மாலையே போட்டிருந்தால் இரவு மழையும் மான்களும் பாதியைத் தீர்த்திருக்கும். விடியும் முன்பே தலைவிளக்கோடு கிளம்பியதற்குத் தனி நன்றி.

அடுத்தது, வட்டங்களில் வழி தேடியவர்களுக்கு. தடம் ஒரு வட்டத்தில் முடிந்தால் அங்கிருந்து எந்தப் பக்கமும் போகலாம். நம் வழக்கப்படி தொடர்ந்து நான்கு கைப்பிடி கண்டால் உண்மைத்தடம். அதற்குள் குறுக்குக்கோடு வந்தால் பொய்த்தடம், திரும்பி வர வேண்டும். வேகமானவர்கள் பொய்த்தடத்தில் ஓடித் திரும்புவதற்குள் மெதுவானவர்கள் வட்டத்தை எட்டிவிடுவார்கள். ஆனால் ஒரு சின்னக் காரியத்தை மறந்தால் இந்த ஏற்பாடே குலைந்துவிடும். சரியான வழியைக் கண்டவர், வட்டத்தின் அந்தப் பக்கத்து மாவைக் காலால் தள்ளித் திறந்து வைக்க வேண்டும். தடம் கிடைத்துவிட்டது என்பதற்கான "ஆன் ஆன்" குரலை மட்டும் கத்திவிட்டு ஓடிவிட்டால் பின்னால் வருகிறவர்கள் குளிரில் நின்று திகைப்பார்கள். இந்த முறை ஒரு வட்டம்கூடத் திறக்கப்படாமல் விடப்படவில்லை. முன்னால் வருகிறவர்களைப் பின்னுக்கு அனுப்பும் தூண்டில்முள் குறியும் பக்கத்தில் 6 என்ற எண்ணும் இருந்த இடத்தில், முன்னால் வந்த ஆறு பேரும் முணுமுணுக்காமல் வரிசையின் கடைசிவரை ஓடித் திரும்பினார்கள். அவர்களுக்கும் நன்றி.

கடைசி ஆளோடு கூடவே வந்தவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். வரைபடம், விசில், கைவிளக்கு, வெப்பப் போர்வை, சின்ன முதலுதவிப் பை எல்லாம் அவர் முதுகில் இருந்தன. 261 மீட்டர் உயரத்தில், பழைய இரும்புக்காலக் கோட்டையின் மேட்டில் எல்லாரும் கூடி நின்றபோது, ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவிடாமல் கிளப்பியவரும் அவர்தான். வியர்த்த உடம்போடு அந்த உச்சிக் காற்றில் நின்றால் தசை இறுகிவிடும், இறக்கத்தில் கால் பிசகும்.

மாடுகளைப் பக்கத்து வயலுக்கு மாற்றிக் கொடுத்த விவசாயிக்கு மனமார்ந்த நன்றி. அந்தப் புல்வெளியில் மாவு போடவில்லை, கால்நடை தின்னக்கூடாது. அதற்குப் பதிலாக வேலிப்படியருகே நின்று வழிகாட்டிய தம்பிக்கும், வயல் கதவுகளை இருந்தபடியே விட்டு வந்த எல்லாருக்கும் நன்றி. மலைச்சைக்கிள்கள் பாய்ந்து இறங்கும் தடத்தைக் கடக்கும் இடத்தில் ஆள் நிறுத்தியது நல்ல யோசனை. வேகத்தைக் குறைத்து வழிவிட்ட சைக்கிள்காரர்களையும் மறக்க மாட்டோம். குதிரைகளைக் கண்டதும் நம்மவர்கள் நடைக்கு மாறி, ஒதுங்கி, குரல் கொடுத்தார்கள். குதிரை மிரளாமலிருக்க மனிதக் குரல் அவசியம்.

நாம் ஓடிய ஹர்ட்வுட் காடு தனியார் நிலம். 1926-இல் அதன் உரிமையாளர் ரெஜினால்ட் பிரே பொதுமக்கள் உலவுவதற்காகத் திறந்துவிட்டார். இன்று அதைப் பராமரிக்கிறவர்களுக்கு நாம் எல்லாரும் கடன்பட்டவர்கள். ஒரு பவுண்டாவது நன்கொடை கொடுங்கள்.

பப் நடத்துபவர்களுக்கு: 10 மணிக்கே கதவையும் கழிப்பறையையும் திறந்துவிட்டீர்கள். நம் கார்கள் பின்பக்கம் நின்றதால் வழக்கமான வாடிக்கையாளர்களுக்கு முன்பக்கம் கிடைத்தது. சாப்பாட்டுக் கணக்கை வியாழனன்றே வாங்கிவைத்தது இந்த நாளையே காப்பாற்றியது. ஓடிக் களைத்த கூட்டம் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்று சொல்லத் தொடங்கினால் எந்தச் சமையலறையும் திணறும். சேற்றுக் காலணிகளுக்காக வாசலில் பழைய தார்ப்பாய் விரித்த புண்ணியவானுக்கும் நன்றி. ஓட்டம் முடிந்ததும் கூப்பிட்டவர்கள் ஒரே மூச்சில் குடித்து முடிக்கும் டவுன் டவுன் சடங்கைக் கார் நிறுத்தத்தின் மூலையிலேயே வைத்துக்கொண்டோம். உள்ளே ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் சாப்பிட வந்த குடும்பங்களுக்குத் தொந்தரவில்லை. அரை பைண்ட்டோடு நிறுத்தியதும், வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் பழச்சாறு கொடுத்ததும் இனி வழக்கமாகவே இருக்கட்டும்.

1938-இல் கோலாலம்பூரில் கிஸ்பர்ட் என்பவரும் அவர் நண்பர்களும் சங்கமாகச் சேர்ந்து தொடங்கிய பழக்கம் இந்த ஹாஷ் ஓட்டம். 1950-இல் அந்தச் சங்கம் பதிவானபோது எழுதிய நோக்கங்களில் ஒன்று, மூத்த உறுப்பினர்களுக்குத் தாங்கள் நினைக்கும் அளவு வயதாகிவிடவில்லை என்று உணர்த்துவது. நடைக்குழுவில் வந்த பெரியவர்களே, அந்த வரிக்கு உயிர் கொடுத்தீர்கள்.

ஓட்டம் முடிந்தபின் பப் வாசலிலும் சாலையோரத்திலும் கிடந்த மாவைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளிய மூவருக்கும் நன்றி. பொது இடத்தில் கிடக்கும் வெள்ளைப் பொடியைப் பார்த்து யாராவது போலீசைக் கூப்பிடும் காலம் இது. மீந்த ஒரு பை மாவும் அரைச் சாக்கு மரத்தூளும் கிளப் பெட்டியில் இருக்கின்றன. அடுத்த முயல்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஓட்டத்தை ஒருங்கிணைத்தவர்கள்