நிபந்தனையை வெட்டிவிடாதே, மூர்த்தி

அன்புள்ள மூர்த்தி,

நலம். வீட்டிலும் எல்லோரும் நலம். இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததற்கு நீ திட்டியதெல்லாம் நியாயம்தான்; நம் நண்பன் 'உருளை' சொன்னதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீ அனுப்பிய கட்டுரை வரைவைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை, அதனால் நேராக அதற்கே வருகிறேன்.

"பெருந்தொற்றில் தடுப்பூசி: நிபுணர்கள் இரு அணி" என்று தலைப்பு. இடப்பக்கம் ஆதரித்தவர்கள், வலப்பக்கம் எதிர்த்தவர்கள். பட்டிமன்றமா நடத்துகிறாய்? நடுவர் யார், கோபாலன் வாத்தியாரா?

கொரோனா காலத்தில் நிபுணர்கள் சண்டை போட்டார்கள், நிஜம்தான், பலமாகவே போட்டார்கள். ஆனால் பெரும்பாலும் "போடலாமா, கூடாதா" என்பதில் அல்ல. யாருக்கு முதலில், எத்தனை வாரம் கழித்து இரண்டாவது, எந்த வயதுக்கு எந்த ஊசி, பரவல் எவ்வளவு இருந்தால் எது லாபம், இவற்றில்தான் தகராறு. அவர்கள் சொன்ன ஒவ்வொன்றிலும் ஒரு நிபந்தனை ஒட்டியிருந்தது. நீ அதை வெட்டிவிட்டு மிச்சத்தை அணி அணியாக அடுக்கியிருக்கிறாய்.

நீயே பெட்டி கட்டிப் போட்டிருக்கும் பூஸ்டர் (கூடுதல் டோஸ்) வாக்கெடுப்பைப் பார். 2021 செப்டம்பர் 17. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு. 16 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஃபைசர் பூஸ்டர் வேண்டுமா என்ற கேள்விக்கு 16 பேர் வேண்டாம் என்றார்கள், 2 பேர் வேண்டும் என்றார்கள். நீ அத்தோடு நிறுத்திவிட்டு, அந்த 16 பேரையும் வலப்பக்கம் தள்ளிவிட்டாய். அதே நாள், அதே மேசையில் அடுத்த வாக்கெடுப்பு: 65 வயது தாண்டியவர்களுக்கும், நோய் முற்றும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கும்? 18க்கு 18 வேண்டும். இப்போது அந்த 16 பேரை எந்தப் பக்கம் வைப்பாய்?

இடைவெளி விவகாரமும் இப்படித்தான். ஃபைசரின் பெரிய ஆய்வில் ஏறத்தாழ 43,000 பேர். நோய் கண்டவர்கள் 170. அதில் 162 பேர் வெறும் உப்புநீர் ஊசி போட்டுக்கொண்டவர்கள், 8 பேர் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். எல்லோரும் சொன்ன 95 சதவீதம் இந்தக் கணக்குதான். அந்த ஆய்வில் இரண்டாவது டோஸ் 21 நாள் கழித்து. ஆனால் 2020 டிசம்பர் 30 அன்று பிரிட்டனின் தடுப்பூசி ஆலோசனைக் குழு அதை 12 வாரம் வரை தள்ளிப்போடலாம் என்றது. 21 நாளுக்கு மேல் முதல் டோஸ் தாங்கும் என்பதற்குத் தரவு இல்லை என்று நிறுவனமே சொன்னது. அந்தக் குழு என்ன கணக்குப் போட்டது என்று நீ எழுதவே இல்லை. கையில் 1,000 டோஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள். 500 பேருக்கு இரண்டிரண்டாகப் போட்டால், 95 சதவீதப்படி 475 பேருக்குப் பாதுகாப்பு. 1,000 பேருக்கு ஒவ்வொன்றாகப் போட்டு, ஒற்றை டோஸ் 70 சதவீதம்தான் காக்கும் என்று வைத்தாலும் 700 பேர். தட்டுப்பாடும் மரணமும் ஒன்றாக நெருக்கும் மாதத்தில் 225 பேர் வித்தியாசம் சின்னது இல்லை.

பின்னால் என்ன ஆயிற்று? 80 வயது தாண்டியவர்களிடம் பார்த்தபோது, நீண்ட இடைவெளி விட்டவர்களுக்கு எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) அளவு 3.5 மடங்கு கூடுதலாக இருந்தது. பிரிட்டன் ஜெயித்தது என்று முடித்துவிடலாமா? முடியாது. டெல்டா என்ற உருமாறிய வகை வந்தது. அதற்கு எதிராக ஒற்றை டோஸ், அறிகுறியுள்ள நோயை ஏறக்குறைய 33 சதவீதம்தான் தடுத்தது. ஃபைசர் இரண்டு டோஸ் போட்டால் 88. டெல்டா பரவத் தொடங்கியதுமே, 2021 மே மாதத்தில், அதே குழு 50 தாண்டியவர்களுக்கு இடைவெளியை 8 வாரமாகக் குறைத்தது. உன் வரைவில் இதற்கு "பல்டி" என்று பெயர். எதிரே நிற்கும் வைரஸ் மாறிய பிறகும் பழைய இடைவெளியையே பிடித்துக்கொண்டு தொங்கியிருந்தால் என்ன பெயர் வைத்திருப்பாயோ!

அஸ்ட்ராஜெனிகா தடுப்பூசியால் அரிதாக வந்த ரத்தக்கட்டு பற்றிய பத்தியைத்தான் நீ முழுசாக மாற்றி எழுத வேண்டும். "ஒரு நாடு நிறுத்தியது, ஒரு நாடு தொடர்ந்தது, யாரை நம்புவது" என்று கையை விரித்திருக்கிறாய். 2021 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் புள்ளியியலாளர்கள் போட்ட கணக்கை அப்படியே கொடுத்தால் போதும். 1,00,000 பேருக்கு ஊசி போட்டால், 16 வாரத்தில் எத்தனை பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகாமல் தப்புவார்கள், எத்தனை பேருக்கு ஊசியால் கடும் ரத்தக்கட்டு வரும் என்ற ஒப்பீடு. பரவல் குறைவாக இருக்கும்போது, 60 முதல் 69 வயதில் தப்புவது 14.1, கட்டு 0.2. நாற்பதுகளில் 5.7க்கு 0.5. இருபதுகளில் 0.8க்கு 1.1, தராசு தலைகீழ். அதே இருபது வயதுக்காரர்களை இரண்டாம் அலை உச்சத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் 6.9க்கு 1.1. ஊசியும் அதே, வயதும் அதே. பரவல் மாறியதும் விடை மாறிவிட்டது.

இதை வைத்துப் பார்த்தால் நாடுகளின் முடிவு புரியும். பிரிட்டன் ஏப்ரல் 7 அன்று 30க்குக் கீழே வேறு ஊசி கொடுங்கள் என்றது, ஒரு மாதத்தில் அந்தக் கோட்டை 40க்கு ஏற்றியது. டென்மார்க் ஏப்ரல் 14 அன்று அடியோடு கைவிட்டது. அங்கே பரவல் கட்டுக்குள் இருந்தது, கையில் வேறு ஊசியும் இருந்தது. வேறு ஊசி இல்லாத, அலை எகிறும் நாட்டுக்கு டென்மார்க் முடிவைக் கடன் வாங்கினால் பிணங்களைத்தான் எண்ண வேண்டியிருக்கும். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

இன்னொன்று. அந்த ரத்தக்கட்டு எச்சரிக்கையை வெளியே சொன்னதே தப்பு, மக்கள் பயந்துவிட்டார்கள் என்று யாரையோ மேற்கோள் காட்டுகிறாய். சொன்னதால்தான் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. ரத்தக்கட்டு என்றால் மருத்துவர் கை வழக்கமாக, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைத் தேடிப் போகும். இந்த வகை ரத்தக்கட்டிலோ, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கும். தட்டணுவிலிருந்து வரும் ஒரு புரதத்துக்கு எதிராக உடலே எதிர்ப்பொருள் செய்திருக்கும். ஹெப்பாரினைத் தவிர்த்து வேறு ரத்தக்கட்டு மருந்தும், ரத்தநாளம் வழியே இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தும் கொடுக்க வேண்டும் என்பது அவசரமாகப் பரவியது. ஊசி போட்ட 4 முதல் 28 நாளுக்குள் விடாத தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல், தொடர் வயிற்றுவலி, கால் வீக்கம், ஊசி குத்தாத இடத்தில் சிவப்புப் புள்ளிகள் என்றால் உடனே தட்டணு எண்ணிக்கை பார்க்கச் சொன்னார்கள். மூடி மறைத்திருந்தால் எந்த மருத்துவர் இதைத் தேடியிருப்பார்?

இனி உன் வலப்பக்கத்து நட்சத்திரம்: "கொள்ளைநோய் நடுவில் தடுப்பூசி போட்டால் வைரஸ் உருமாறித் தப்பும், அதனால் போடவே கூடாது." காலண்டரை எடு. பீட்டா வகையின் முதல் மாதிரி 2020 மே, ஆல்பா செப்டம்பர், டெல்டா அக்டோபர், காமா நவம்பர். பிரிட்டனில் பெருந்திரளாக ஊசி தொடங்கியது 2020 டிசம்பர் 8. நான்கும் ஊசிக்கு முன்னால் பிறந்தவை. ஒவ்வொரு தொற்றும் வைரஸ் வாங்கும் ஒரு லாட்டரிச் சீட்டு. சீட்டு விற்பனையைக் குறைப்பதுதான் வழி. எதிர்ப்பாற்றல் வைரஸை நெருக்கி, தப்பும் வகைகளுக்கு இடம் கொடுக்கும் என்பதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஒமைக்ரான் குடும்பம் அப்படித்தான் நகர்ந்தது. ஆனால் நோய் வந்து தேறியவனின் எதிர்ப்பாற்றலும் அதே நெருக்கடியைத்தான் தரும், உயிரைப் பணயம் வைத்துப் பெற்றது என்பது மட்டும் கூடுதல். பெரியம்மையை ஒழித்தபோதும் நோய் கண்ட இடத்தைச் சுற்றி வளைத்துத்தான் ஊசி போட்டார்கள். எபோலாவுக்கும் அப்படியே. தட்டம்மை நோயாளியோடு பழகியவருக்கு 72 மணி நேரத்துக்குள் போட்டால்கூடப் பலன் உண்டு. கொள்ளைநோய் நடுவில் போடக் கூடாது என்பவர் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லட்டும்.

எதிர்ப்பக்கத்தில் வைக்க உனக்கு நல்ல உதாரணம் வேண்டுமென்றால் 1976 இருக்கிறது. அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் பெருந்தொற்றாகும் என்று பயந்து, சுமார் 4.5 கோடிப் பேருக்கு ஊசி போட்டார்கள். பெருந்தொற்று வரவே இல்லை. கில்லன் பாரே என்ற, கை கால் தளர்ந்துபோகும் நரம்பு நோய் லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் கூடுதலாக வந்தது. டிசம்பரில் திட்டத்தை நிறுத்தினார்கள். லட்சத்தில் ஒன்று, பரவல் இருந்தால் தாங்கக்கூடியது. பரவல் பூஜ்யமானால் அந்த ஒன்றே அதிகம்.

சரி, உன் வரைவில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் வேறு. இவ்வளவு பேராசிரியர்களை அடுக்கினாய், ஊசி போட்ட செவிலியர் ஒருவர்கூட இல்லை. ஃபைசரின் முதல் வடிவக் குப்பியை எடுத்துக்கொள். உள்ளே 0.45 மில்லி. உருகியதும் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. குலுக்கினால், மருந்தின் மூலப்பொருளான எம்ஆர்என்ஏவைச் சுற்றியுள்ள கொழுப்புத் துகள் கெடும். 1.8 மில்லி 0.9 சதவீத உப்புநீரை உள்ளே விட வேண்டும். ஊசியை உருவும் முன் அதே 1.8 மில்லி காற்றைச் சிரிஞ்சுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் உள்ளழுத்தத்தில் மருந்து பீய்ச்சும். மறுபடி பத்து முறை கவிழ்த்து, குப்பியில் நேரம் எழுதி, 6 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அவசரத்தில் உப்புநீர் கலக்காமல் 0.3 மில்லியை இழுத்தால் ஐந்து மடங்கு மருந்து போய்விடும். தொடக்க வாரங்களில் சில நாடுகளில் போகவும் செய்தது.

கலந்தபின் மொத்தம் 2.25 மில்லி. டோஸுக்கு 0.3 வீதம் ஐந்து என்றுதான் முதலில் அச்சிட்டிருந்தார்கள். ஊசி போட்டவர்கள்தான் கவனித்தார்கள், அடியில் இன்னொரு டோஸுக்கு மருந்து மிஞ்சுகிறது என்று. சாதாரண சிரிஞ்சில் ஊசி பொருந்தும் இடத்தில் கொஞ்சம் மருந்து ஒவ்வொரு முறையும் தங்கிவிடும். அந்த இடைவெளி குறைந்த சிரிஞ்சாக இருந்தால் ஆறாவதும் கிடைக்கும். 2021 ஜனவரியில் ஐரோப்பியக் கட்டுப்பாட்டாளர்கள் ஆறு என்று திருத்தினார்கள். ஒரே கையெழுத்தில் 20 சதவீதம் கூடுதல் கையிருப்பு! இதில் ஒரு வில்லங்கம்: ஒப்பந்தம் டோஸ் கணக்கில் இருந்ததால் அனுப்பும் குப்பி குறைந்தது. சரியான சிரிஞ்சு இல்லாத இடத்துக்கு நஷ்டம். மிஞ்சியதை இரண்டு குப்பியிலிருந்து சேர்த்து ஒரு டோஸ் ஆக்கலாமா என்றால் கூடாது. ஒன்றில் கிருமி புகுந்திருந்தால் இரண்டும் கெட்டது. இடைவெளியை 12 வாரமாக்கிய விவாதத்தைவிட இந்தச் சிரிஞ்சு விவாதத்தை நான் உயர்வாக வைப்பேன், நீ சிரித்தாலும் சரி.

மயக்கம் பற்றியும் இரண்டு வரி சேர். ஊசி போட்டதும் விழுபவர்களில் பெரும்பாலோர் பயத்தில் விழுபவர்கள்: முகம் வெளுத்து, உடல் குளிர்ந்து, நாடி மெதுவாகும், படுக்கவைத்துக் காலைத் தூக்கினால் எழுந்துவிடுவார்கள். தடிப்பு, வீசிங், நாடி வேகம் என்றால் ஒவ்வாமை அதிர்ச்சி. அப்போது தாமதிக்காமல் தொடைத் தசையில் அட்ரினலின், பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம். 15 நிமிடம் உட்காரவைத்தது இதற்காகத்தான். முன்பு கடும் ஒவ்வாமை வந்தவர்களுக்கு 30.

கடைசி அட்டவணையை எடுத்துவிடு. "மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஊசி போட்டவர்கள்" என்பது அதிர்ச்சிச் செய்தி இல்லை. 1,000 பேரில் 950 பேர் போட்டவர்கள் என்று வைத்துக்கொள். போடாத 50 பேரில் பத்து சதவீதம் சேர்ந்தால் 5 பேர். போட்ட 950 பேரில் ஒரு சதவீதம் சேர்ந்தால் ஒன்பது பத்துப் பேர். ஆபத்து பத்தில் ஒன்றாகக் குறைந்தும் வார்டில் அவர்கள்தான் அதிகம். பள்ளியில் கணக்கில் என்னைப் பார்த்து எழுதியவன் என்பதால் உனக்கு மட்டும் மன்னிப்பு.

சிறுவர்கள் பற்றிய பகுதியில் பிரிட்டன் முடிவை இரண்டு தேதியோடும் எழுது: 2021 செப்டம்பர் 3, ஆலோசனைக் குழு 12 முதல் 15 வயது ஆரோக்கியமானவர்களுக்கு உடல்நல லாபம் மிகக் குறைவு என்றது; 13 அன்று தலைமை மருத்துவ அதிகாரிகள் பள்ளி இழப்பையும் சேர்த்துப் பார்த்து ஒரு டோஸ் போடலாம் என்றார்கள். கேட்ட கேள்வியே வேறு.

திருத்திய பிரதியை அச்சுக்கு முன் அனுப்பு, தலைப்பை மாற்றாமல் அனுப்பினால் திறக்கவே மாட்டேன். வசந்தாவிடம் அந்தப் புத்தகத்தை வாங்கி வை. உருளையிடம் எனக்குத் தர வேண்டியதை ஞாபகப்படுத்து.

அன்புடன்,
ரகு