வாட்ச் நாடிதான் பார்க்கும்

அன்பு மகளுக்கு,

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலே உன் வாட்ச் 'ஸ்ட்ரெஸ் அதிகம்' என்று காட்டுவதாகவும், அதைப் பார்த்து இன்னும் படபடப்பாவதாகவும் சொன்னாய். வார்டில் நாடி பிடித்தே ஓய்வு பெற்றவள் சொல்கிறேன், கேள்.

வாட்சுக்கு அடியில் மினுக்குகிறதே பச்சை விளக்கு, அதுவும் நாடிதான் பார்க்கிறது. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் மாறும். துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, உடம்பு நிதானமாக இருந்தால் சற்றே கூடிக் குறையும். பதற்றத்தில் அந்த ஏற்ற இறக்கம் சுருங்கிவிடும். இதை வைத்துத்தான் ஸ்ட்ரெஸ் என்கிறது. ராத்திரி சரியாகத் தூங்காவிட்டாலும், காய்ச்சல் வந்தாலும் அதையேதான் சொல்லும். ஆபரேஷனுக்குப் போகிறவருக்கும், குழந்தை பிறந்த சேதி கேட்ட அப்பனுக்கும் நாடி ஒரே மாதிரி எகிறுவதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். பயமா சந்தோஷமா என்று விரலுக்குத் தெரியாது, வாட்சுக்கும் தெரியாது.

அதனால் அது அதிர்ந்தால் எண்ணைப் பார்க்காதே. கீபோர்டிலிருந்து கையை எடு. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாயா, மூச்சு ஓடுகிறதா என்று பார். மெயில் படிக்கும்போது பலர் தெரியாமலே மூச்சை அடக்குகிறார்கள் என்று லிண்டா ஸ்டோன் என்பவர் 2008-இல் எழுதி, அதற்கு 'ஈமெயில் ஆப்னியா' என்று பெயரும் வைத்தார். அப்புறம் போனில் ஒரு வரி எழுதி வை. 'டென்ஷன்' என்று மட்டும் எழுதாதே, அது எல்லா நோவுக்கும் போடுகிற பாரசிட்டமால் மாதிரி. 'எல்லோர் முன்னாடியும் கேட்டது அவமானமாக இருந்தது', 'நான் செய்த வேலைக்கு வேறொருவருக்குப் பாராட்டு, ஆற்றாமை' என்று எழுது. கோபம் என்று நினைத்தது பாதி நேரம் பசியாகக்கூட இருக்கும், உன்னைத் தெரியாதா எனக்கு!

இதையெல்லாம் ஆபீஸ் கொடுக்கும் ஆப்பில் ஏற்றாதே. வேலையிடத்தில் ஊழியரின் முகத்தையும் குரலையும் வைத்து ஏஐ மூலம் உணர்ச்சியைக் கணிப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரியிலிருந்து தடுத்திருக்கிறது. மருத்துவம், பாதுகாப்புக்கு மட்டும் விலக்கு. அவர்களே அவ்வளவு யோசிக்கிறார்கள். உன் மனசு உன் போனோடு இருக்கட்டும்.

அப்பாவும் ஒரு வாட்ச் வேண்டும் என்கிறார். அவருக்கு நடக்கிற அடியை எண்ணினால் போதும், விலை குறைந்ததாகப் பார்த்துச் சொல்.

அம்மா